கரீபியன் கடலிலே கடைசி மூன்று நாட்கள்

நெடும் பிரயாணம் ஒன்றின் ஆரம்பத்தைப் பற்றி எழுதுவோர் பலர். புறப்பட்ட துறைமுகமும், கண்ட புதுமைகளும், உண்ட விருந்துகளும் அவர்களுடைய கட்டுரைகளில் விரிவாக இடம்பெறும். திரும்பும் வழியைப் பற்றி எழுதுவோரோ அரியர். கைப்பணமும் உடற்பலமும் குறைந்து, மனம் வீட்டை நாடத் தொடங்கிவிட்ட அந்தக் கடைசி நாட்களில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று அவர்கள் எண்ணுவர் போலும். ஆயினும், திரும்பி வருதல் என்பது எல்லாப் பிரயாணிகளுக்கும் கிடைத்த பேறன்று. அதனை நாம் மேற்கிந்திய தீவுகளிலே, எமது பிரயாணத்தின் இறுதி நாட்களில் உணர்ந்தோம். அந்த நாட்களைப் பற்றியே இங்கு எழுதுகின்றோம்.

சென்ற தை மாதத்தில், இலண்டனில் வாழும் எமது மைத்துனர் குடும்பத்தினரின் அன்பழைப்பை ஏற்று, நாமும் எமது இல்லாளும் கரீபியன் கடலில் உல்லாசக் கப்பற் பிரயாணம் ஒன்றை மேற்கொண்டோம். பார்படோஸ் தீவின் தலைநகராகிய பிரிட்ஜ்ரவுணில் கப்பலேறி, ஏழு இரவுகள் கடலிற் கழித்து, மீண்டும் அங்கேயே இறங்குவது ஏற்பாடு. ஆனி முதல் கார்த்திகை வரையுள்ள மாதங்கள் சூறாவளிக் காலமாதலால், உல்லாசக் கப்பல்களிற் பெரும்பாலானவை மார்கழிக்கும் சித்திரைக்கும் இடையிலேயே அங்கு நடமாடுகின்றன.

கரீபியன் கடலின் பரப்பு ஏறக்குறைய 2,750,000 சதுர கிலோமீற்றர். எமது இலங்கையைப் போன்ற 40 தீவுகளை அதனுள் இட்டாலும் இடம் மிஞ்சும். அதன் கிழக்கு எல்லையிலே, அறுந்த மாலையின் மணிகள் போல வடக்கிலிருந்து தெற்காகச் சிறு தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. பாடசாலைப் பூமிசாத்திரத்தில் தடக்காற்று என்று நாம் படிக்கும் வடகீழ்க் காற்று அத்தீவுகளின் மேல் இடையறாது வீசுகின்றது. 1492 இல் கொலம்பசின் கப்பல்களை அத்திலாந்திக் சமுத்திரத்தின் குறுக்கே தள்ளிச் சென்றதும் இந்தக் காற்றே.

முதல் நாட்களைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. கிறெனடாவில் சாதிக்காய் மணத்தது. அந்நாட்டின் கொடியிலும் சாதிக்காயின் உருவம் உண்டு. சென். லூசியாவில், கடலிலிருந்து நேராக எழும் பித்தோன் என்னும் இரட்டைச் சிகரங்களைக் கண்டோம். எமது நெஞ்சில் நின்றவை அவற்றுக்குப் பின் வந்தவையே.

குவாதலூப்: சிதம்பரம் என்றொரு பெயர்

முதலாம் நாட் காலையில் கப்பல் குவாதலூப் தீவின் புவான்-தா-பீத்ர் துறைமுகத்தை அடைந்தது. சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியின் வடிவினது இத்தீவு. ஒரு சிறகு மலைப்பாங்கானது; மற்றையது சமதரை. இரண்டையும் ஒடுங்கிய உப்பாறு ஒன்று பிரிக்கின்றது. இஃது இன்றும் பிரான்சு தேசத்தின் ஒரு பகுதி. 1946 இல் இத்தீவும் அயலிலுள்ள மார்த்தினிக்கும் குடியேற்ற நாடுகள் என்னும் நிலை நீங்கிப் பிரான்சின் மாகாணங்களாயின. கடையில் யூரோ நாணயமே வழங்குகின்றது.

துறைமுகத்துக் கடைகளில் முதலில் எமது கண்ணிற் பட்டது கட்டம் போட்ட பருத்தித் துணி. அதன் பெயரை வினவியபோது, விற்பனைப் பெண் "மத்ராஸ்" என்றாள். சென்னைப் பட்டினத்திலிருந்து முற்காலத்திற் கப்பலேறிய துணி, இங்கே பெண்களின் தலைப்பாகையாகவும் விழா உடையாகவும் நிலைபெற்றுவிட்டது. அடுத்த கடையில் மஞ்சள் நிறத் தூள் ஒன்று பொட்டலங்களாகக் கிடந்தது. அதன் மேல் எழுதப்பட்டிருந்த பெயர் "கொலம்போ". மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம் முதலியன சேர்ந்த கறித்தூள் அது. அந்தத் தூளிட்டுச் சமைத்த ஆட்டிறைச்சிக் கறிக்கும் கோழிக் கறிக்கும் அதுவே பெயர். குழம்பு என்ற சொல்லே இவ்வாறு திரிந்தது என்பர் சிலர். எமது கொழும்பு நகரின் பெயரே என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் அம்மணத்தை முகர்ந்த எமது இல்லாள் ஒரு பொட்டலத்தை வாங்காமல் அவ்விடத்தை விட்டு நகரவில்லை.

இவையெல்லாம் அங்கே சென்றது எவ்வாறு? 1848 இல் பிரான்சு தனது குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்ற ஆபிரிக்க மக்களுட் பலர் கரும்புத் தோட்டங்களை விட்டு நீங்கினர். தோட்டத்துரைமார் வேறு கைகளைத் தேடினர். புதுச்சேரியும் காரைக்காலும் அப்பொழுது பிரான்சின் வசம் இருந்தன. அங்கிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய "ஒரேலி" என்னும் கப்பல் 1853 இல் மார்த்தினிக்கையும், 1854 டிசம்பர் 24 ஆம் நாள் குவாதலூப்பையும் அடைந்தது. 1889 வரையில் குவாதலூப்புக்கு மாத்திரம் ஏறக்குறைய 42,000 பேர் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் தமிழர். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லும் பாய்க்கப்பலில் அவர்கள் ஏறக்குறைய மூன்று மாத காலம் கடலிற் கிடந்தனர்.

ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு. அது முடிந்ததும் கட்டணமின்றி ஊர் திரும்பலாம் என்பது அதிற் கண்ட வாக்குறுதி. ஆனால், ஐந்து வருடம் முடியுமுன் இறந்தோர் பலர்; கடனாலும் தண்டத்தாலும் கட்டுண்டு மறு ஒப்பந்தம் செய்தோர் பலர்; கப்பலுக்குக் காத்திருந்து மூப்படைந்தோரும் உளர். திரும்பினோர் சிறு தொகையினரே.

திரும்பாதவர்களின் பிள்ளைகள் எந்நாட்டுக் குடிகள்? இவ்வினாவுக்கு விடை தேடியவர் ஆன்றி சிதம்பரம் என்பவர். 1863 இல் இத்தீவின் கப்பெஸ்தெர் என்னும் ஊரிற் பிறந்து, 1952 இல் மறைந்தவர் அவர். இந்தியரின் பிள்ளைகள் பிரான்சின் பிரசைகள் அல்லர் எனக் கூறி, 1904 இல் அவர்களைத் தேர்தல் இடாப்பிலிருந்து நீக்க அதிகாரிகள் முற்பட்டனர். சிதம்பரம் நீதிமன்றம் ஏறினார். வழக்கும் விண்ணப்பமுமாகப் பத்தொன்பது ஆண்டுகள் சென்றன. 1923 இலேயே அம்மக்களின் உரிமை ஒப்புக்கொள்ளப்பட்டது.

இதைக் கேட்டபோது எமது மலைநாட்டு மக்களின் நினைவு எழாதிருக்க முடியுமா? 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, 1964 ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் 525,000 பேர் இந்தியாவுக்கென்று எண்ணிக்கையிடப்பட்டு, எஞ்சியோரின் வழக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை நீண்டதை நாம் அறிவோம். அங்கே திரும்பிப் போக விரும்பியோர்க்குக் கப்பல் கிடைக்கவில்லை. இங்கே போக விரும்பாத பலர் தலைமன்னாரிற் கப்பலேற்றப்பட்டனர். இரண்டும் ஒரே மரத்தின் இரு கிளைகள்.

கோயிலிற் கண்ட குறிப்பேடு

வாடகைக் கார் ஒன்றை அமர்த்திக்கொண்டு கப்பெஸ்தெர் சென்றோம். வழியெங்கும் வாழைத் தோட்டங்கள். மேற்கே 1,467 மீற்றர் உயரமுள்ள சூப்ரியேர் எரிமலை முகிலுள் மறைந்திருந்தது. தெருவோரத்திலே, வண்ணச் சிற்பங்கள் நிறைந்த கோபுரத்தோடு ஷாஞ்சி என்னும் இடத்துக் கோயில் நின்றது. அங்கு கோயில் கொண்டிருப்பவள் மாரியம்மன். அவ்வூரார் நாவில் அவள் "மாலியேமேன்". மதுரைவீரன் "மால்தேவிலேன்" ஆகியுள்ளான். கடற்பயணத்திற் காத்த நாகூர் மீரானையும் இந்துக்களாகிய அவர்கள் மறக்கவில்லை. வேப்பிலைக்கு அவர்கள் இட்டு வழங்கும் பெயர் "வெப்பெலே", பாகற்காய் "பவோக்கா". பேச்சுத் தமிழ் அம்மக்களிடையே மறைந்து நெடுங்காலமாயிற்று. வழிபாட்டிலும் சமையலிலும் மாத்திரமே அது ஒதுங்கி வாழ்கின்றது.

வேறொரு சிறு கோயிலின் முற்றத்தில் முதியவர் ஒருவரைச் சந்தித்தோம். வயது எண்பதை அணுகியிருக்கும். கிரியோல் மொழியில் அவர் பேச, சாரதி ஆங்கிலத்திற் சொன்னார். நாம் இலங்கைத் தமிழர் என்று அறிந்ததும், முதியவர் உள்ளே சென்று ஒரு பழைய குறிப்பேட்டைக் கொணர்ந்தார். அவருடைய பாட்டனார் கைப்பட எழுதிய பாடல்கள் அதில் இருந்தன. மொழி தமிழ், எழுத்தோ பிரெஞ்சு. தமிழெழுத்தை இழந்துவிட்ட தலைமுறை, ஒலியையாவது காப்போம் என்று அவ்வாறு எழுதி வைத்திருக்கின்றது.

எழுத்தைப் பார்த்து எம்மால் ஒன்றும் விளங்கிக்கொள்ள முடியவில்லை. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பாடும்படி வேண்டினோம். அவர் பாடினார். எமது இல்லாள்தான் முதலிற் கண்டுகொண்டாள். காய்ச்சலிற் கிடக்கும் குழந்தையைக் காக்குமாறு அம்மனை வேண்டும் பாட்டு அது. அதனை நாம் ஆங்கிலத்திற் சொல்ல, சாரதி கிரியோலிற் சொன்னார். முதியவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், தமது சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, இவற்றுள் குழந்தை என்பது எந்தச் சொல் என்று வினவினார். காட்டினோம். அதன் கீழே பிரெஞ்சு மொழியில் எழுதிக்கொண்டார். "அம்மா என்பது எது?" என்றார். அது அவருக்கு முன்னரே தெரியும். ஆயினும் உறுதிசெய்துகொள்ள விரும்பினார்.

இவ்வாறு சொல் சொல்லாக ஒரு பக்கம் முடிவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. குறிப்பேட்டில் முப்பதுக்கும் அதிகமான பக்கங்கள் இருந்தன. கப்பலோ எவருக்காகவும் காத்திராது. மாலை ஐந்து மணிக்கு முன் ஏறிவிட வேண்டும். சாரதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதியவரின் அனுமதியோடு எமது இல்லாள் எல்லாப் பக்கங்களையும் கைத்தொலைபேசியிற் படம் பிடித்தாள். சில பாடல்களை அவரைப் பாடச்செய்து ஒலிப்பதிவும் செய்துகொண்டாள். அஞ்சல் முகவரியை எழுதித் தந்தபோது அவர் கேட்டது ஒன்றே: பேரப்பிள்ளைகளுக்குத் தமிழெழுத்துப் படிப்பிக்கும் புத்தகம் ஒன்று அனுப்ப முடியுமா?

மார்த்தினிக்: இரண்டு நிமிடத்தில் அழிந்த நகரம்

மறுநாள் மார்த்தினிக். தலைநகராகிய போர்-த-பிரான்சில் இறங்கி, வடக்கே சென்-பியேர் என்னும் ஊருக்குச் சென்றோம். கரீபியன் தீவுகளின் பாரிசு என்று ஒரு காலத்தில் அதனைப் புகழ்ந்தனர். நாடகசாலையும் பெருவர்த்தக நிலையங்களும் நிறைந்திருந்த நகரம் அது. அதன் பின்னால் 1,397 மீற்றர் உயரத்தில் பெலே எரிமலை நிற்கின்றது.

1902 சித்திரை மாதத்திலேயே மலை புகையத் தொடங்கியது. தெருக்களிற் சாம்பல் படிந்தது. தேர்தற் காலம் அது. மக்கள் நகரை விட்டு ஓடுவதை அதிகாரிகள் விரும்பவில்லை. ஆளுநர் மூத்தே என்பவர் தமது மனைவியாருடன் அந்நகருக்கு வந்து தங்கினார். மே 8 ஆம் நாள் காலை எட்டு மணியளவில் மலையின் பக்கம் பிளந்தது. மாணவர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் இது: நகரை அழித்தது உருகிய பாறைக்குழம்பு அன்று. கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கல்லும் கலந்த முகில், காற்றிலும் பாரமானதாகையால் மேலெழாமல், நிலத்தோடு ஒட்டிச் சரிவிற் பாய்ந்து வந்தது. ஓரிரண்டு நிமிடங்களில் அது நகரை மூடிவிட்டது. ஏறக்குறைய 28,000 மக்கள் மாண்டனர். ஆளுநரும் அவர்களுள் ஒருவர். எரிமலைகள் இவ்வாறும் கொல்லும் என்பதை விஞ்ஞான உலகம் தெளிவாகக் கண்டது அன்றேதான்.

துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் எரிந்து மூழ்கின. "ரொடம்" என்னும் ஆங்கிலேய நீராவிக் கப்பல் மாத்திரம் எரிந்த உடலோடு தப்பிச் சென். லூசியாவை அடைந்தது. நகரின் நடுவே உயிர்தப்பியவருள் ஒருவர் சிறைக்கைதி. சில்பாரிஸ் என்பது அவர் பெயர். தடித்த கற்சுவர் கொண்ட இருட்டறையே அவரைக் காத்தது. அவ்வறையை இன்றும் காணலாம். குற்றத்துக்காக அடைத்த சிறை உயிரைக் காத்தது. சுதந்திரமாய்த் திரிந்தோர் சாம்பலாயினர். விதி என்பதா, விபத்து என்பதா? வாசகர்களே முடிவு செய்யட்டும்.

மாலையில் போர்-த-பிரான்சிலுள்ள ஷெல்ஷேர் நூல்நிலையத்தைப் பார்த்தோம். அடிமை ஒழிப்புக்காகப் போராடிய பெரியாரின் பெயரால் அமைந்தது அது. அந்நகரின் மேயராக 1945 முதல் 2001 வரை விளங்கியவர் எமே செசேர் என்னும் கவிஞர். கவிஞர் ஒருவரை அரை நூற்றாண்டுக்கு மேலாக நகரபிதாவாகத் தெரிந்தெடுத்த மக்களை நாம் மனத்துள் வியந்தோம்.

கப்பலிற் கடைசி இரவு

அன்றிரவு கப்பல் பார்படோசை நோக்கித் திரும்பியது. உல்லாசக் கப்பலின் கடைசி இரவு வேடிக்கையானது. ஏழு நாட்களாக "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்ட கப்பல், இப்பொழுது "நீங்கள் எப்பொழுது இறங்குவீர்கள்?" என்று கேட்கத் தொடங்குகின்றது. கதவின் கீழால் கணக்குச் சீட்டு வந்தது. நிறம் நிறமான அட்டைகள் வந்தன. பெட்டிகளில் அவற்றைக் கட்டி, இரவு பத்து மணிக்குள் அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். எந்த நிற அட்டையோ அந்த முறைப்படியே மறுநாள் இறங்குதல். மறுநாளைக்குரிய உடையைக் கையில் எடுத்து வைக்க மறந்து, இரவு உடையோடு கரையிறங்கியோரைப் பற்றிக் கப்பலிற் பல கதைகள் உண்டு.

எமது அறையைக் கவனித்த இளைஞர் தூத்துக்குடியைச் சேர்ந்தவர். பெட்டியை எடுக்க வந்தவரிடம் எமது இல்லாள், "வீட்டை விட்டு வந்து எத்தனை மாதம், தம்பி?" என்று வினவினாள்.

"அஞ்சு மாசம் முடிஞ்சிருச்சும்மா. இன்னும் மூணு மாசம் இருக்கு. பிள்ளை பிறந்து நாலு மாசம் ஆகுது. போன்லதான் பாக்கேன்" என்றார் அவர்.

பின்னர் எம்மை நோக்கி, "நாளைக்குக் காலைல நீங்க இறங்கிருவீங்க ஐயா. மத்தியானம் இதே ரூமுக்கு வேற ஆளுங்க வந்திருவாங்க. எங்களுக்குக் கடைசி நாளும் முதல் நாளும் ஒண்ணுதான்" என்று கூறிச் சிரித்தார்.

ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கு அனுப்புவார்களா என்று கேட்டோம். விமானச் சீட்டுக் கம்பெனியே தரும் என்றார். அது சட்டம். 2006 இல் உருவாகி 2013 இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் சமவாயத்தின்படி, கப்பற்றொழிலாளரை அவர்தம் நாட்டுக்குத் திருப்பி அனுப்புவது கப்பற் சொந்தக்காரரின் கடமை. ஆயினும் சட்டம் எழுத்தில் இருந்தால் மாத்திரம் போதாது. 2020 இல் கொரோனா நோய்க் காலத்தில், துறைமுகங்கள் மூடப்பட்டமையால், ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் உலகெங்கும் கப்பல்களிற் கிடந்தோர் தொகை ஒரு கட்டத்தில் 400,000 என மதிப்பிடப்பட்டது. "அப்ப எங்க மாமா ஒருத்தர் கப்பல்லதான் இருந்தாரு" என்று மாத்திரம் சொல்லி, அந்த இளைஞர் அடுத்த அறைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

பார்படோசிலிருந்து வீட்டுக்கு

விடியற்காலையில் பார்படோஸ் தெரிந்தது. 430 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாண மாவட்டத்தின் பாதியிலும் சிறியது. 1966 இல் சுதந்திரம் பெற்று, 2021 இல் குடியரசானது. விமானம் மாலையிலேதான் என்பதால் கென்சிங்டன் ஓவல் மைதானத்தைப் பார்க்கச் சென்றோம். 2007 ஏப்ரில் 28 ஆம் நாள் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை அணி அவுஸ்திரேலியாவிடம் தோற்றது இங்கேதான். இவ்வளவு சிறிய தீவு சோபர்சையும், வொறெல், வீக்ஸ், வோல்கொட் என்னும் மூவரையும் உலகுக்கு அளித்தது எவ்வாறு என்று மைதானக் காவலாளியிடம் கேட்டோம். "எங்களுக்கு வேறு வேலை இல்லை, ஐயா" என்றார் அவர்.

பிரிட்ஜ்ரவுணிலிருந்து இலண்டனுக்கு எட்டு மணி நேரத்துக்குச் சிறிது மேல். அங்கிருந்து கொழும்புக்குப் பதினொரு மணி நேரமளவில். பார்படோசின் நேரத்துக்கும் எமது நேரத்துக்கும் வித்தியாசம் ஒன்பதரை மணி. கிழக்கு நோக்கிப் பறப்போர் அந்த ஒன்பதரை மணியையும் வழியில் இழக்கின்றனர். இரண்டு இரவுகள் குறுகிக் கழிய, மூன்றாம் நாள் யாழ்ப்பாண இரயிலில் அமர்ந்திருந்தோம். ஒரேலிக் கப்பலில் மூன்று மாதம் கிடந்தோரையும், கையில் இருந்த எமது திரும்பு பயணச் சீட்டையும் வழியெல்லாம் ஒப்புநோக்கிக்கொண்டே வந்தோம். ஒரு மனிதனின் சுதந்திரத்தை அளப்பதற்கு அவன் எவ்வளவு தூரம் சென்றான் என்று கேட்பதிலும், விரும்பிய நாளில் வீடு திரும்ப அவனால் முடியுமா என்று கேட்பதே சரியான அளவுகோல் என எமக்குத் தோன்றியது.

அரிச்சுவடிகள் நான்கு குவாதலூப்புக்கு அஞ்சலிற் சென்றுவிட்டன. குறிப்பேட்டின் படங்களையும் ஒலிப்பதிவையும் எமது வகுப்பு மாணவர்களிடம் கொடுத்திருக்கின்றோம். பாடசாலை விட்ட பின், நாலைந்து பேர் கூடியிருந்து, கேட்டுக் கேட்டு, பாடல்களைத் தமிழெழுத்திற் பெயர்க்கின்றனர். ஒரு சொல்லுக்காக அவர்கள் அரைமணி நேரம் வாதிடுவதும் உண்டு. தமது பாட்டிமாரிடம் வினவி வந்து சிலர் ஐயம் தீர்த்துக்கொள்கின்றனர். இதுவரையில் பதினொரு பக்கங்கள் முடிந்துள்ளன. பிரதியை அடுத்த மாதம் அனுப்ப எண்ணியுள்ளோம்.